அசோலா இரட்டிப்புக் கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: இரண்டு கறவை மாடுகளுக்காக 12 அடிக்கு 6 அடி தொட்டியில் அசோலா (தண்ணீரில் மிதக்கும் தீவனச் செடி) வளர்க்கிறேன். நான்கு நாளில் இரட்டிப்பாகும் என்றார்கள். தொட்டி முழுக்க மூடியதும் ஒரு கிலோவை விதைக்கு விட்டு மீதியை அள்ளுகிறேன். 28 நாளுக்கு 10 கிலோதான் தேறுகிறது. விதை சரியில்லையா?

பதில்: விதையில் குறையில்லை ஐயா. ஒரு கிலோ நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போனால் 28 நாளில் 128 கிலோ ஆகியிருக்க வேண்டும். 72 சதுர அடி அதைத் தாங்குமா? தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் வரைக்கும்தான் இரட்டிப்பு. ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் அடியில் கிடப்பதற்கு வெயில் கிடைக்காது, அழுகவும் தொடங்கும்.

இந்த நெரிசலுக்குக் கணக்கு உண்டு. மக்கள்தொகைப் பெருக்கத்துக்காக 1838இல் பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் எழுதியது, அசோலாவுக்கும் பொருந்துகிறது. இருக்கும் எடையை 0.173ஆல் பெருக்கி, காலியிடம் எத்தனை பங்கோ அதனாலும் பெருக்கினால் ஒரு நாள் வளர்ச்சி வந்துவிடும். நான்கு நாள் இரட்டிப்பிலிருந்து வருவதுதான் அந்த 0.173. உங்கள் தொட்டியின் கொள்ளளவு 12 கிலோ என்று கொள்வோம். ஒரு கிலோ இருக்கும்போது நாளுக்கு 160 கிராம் வளரும். 11 கிலோ இருக்கும்போதும் அதே 160 கிராம்தான்! ஆறு கிலோவை ஒட்டி மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும். நீங்கள் மாதத்தில் பெரும்பகுதியை இரண்டு ஓரங்களில் கழிக்கிறீர்கள்.

ஆகவே முழுதாக வழித்தெடுப்பதை இன்றே நிறுத்துங்கள். தொட்டி மூடியிருக்கும்போது ஒருமுறை முழுவதையும் சல்லடையில் பத்து நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். அதில் பாதியைத் தொட்டியில் விட்டு, தினமும் அரைக் கிலோ எடுங்கள். அதே 28 நாளில் 14 கிலோ சேரும். சாண வாடை போக நன்றாக அலசித் தீவனத்தோடு கலந்து கொடுங்கள்.

இரண்டு மாடுகளுக்கு அரைக் கிலோ போதாதுதான். அதற்காகத் தொட்டியை ஆழமாக்காதீர்கள். மிதக்கும் செடிக்கு வேண்டியது பரப்பு. இன்னும் இரண்டு தொட்டிகள் போடுங்கள்.

தழைச்சத்தை (நைட்ரஜன்) அசோலாவின் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியே தந்துவிடும். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) நீங்கள்தான் பொறுப்பு. இலை சிவந்து வேர் நீண்டால் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டைச் சாணத்தில் கரைத்து ஊற்றுங்கள். கோடையில் இரட்டிப்புக்கு எட்டு நாள் ஆனால் வளர்ச்சியும் பாதியாகிவிடும். அப்போது நிழல்வலை கட்டுங்கள், கால் கிலோவுக்குமேல் எடுக்காதீர்கள்.