எதிர் மூலையில் யார்?

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், "புதிதாகத் தொழில்முறைக்கு வந்த பையனின் ரெக்கார்டைப் பார்த்து மயங்காதீர்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். ரெக்கார்டு என்றால் வெற்றி தோல்விக் கணக்கு. சிலருக்குக் கோபம், சிலருக்குச் சந்தேகம். சரி, இந்த வாரம் முழுக்கக் குத்துச்சண்டைதான். புதிய வாசகர்களுக்கு என்னைப் பற்றி: பதினாறு வயதில் கிளவுஸ் மாட்டி, இருபத்தேழில் கழற்றியவன். அப்புறம் இருபது வருடம் அமெச்சூர் போட்டிகளில், அதாவது ஒலிம்பிக் மாதிரி பதக்கத்துக்காக ஆடுகிற போட்டிகளில், ரிங் ஓரத்து நடுவர் நாற்காலி. தொழில்முறையில் ஒரு ரவுண்டுகூட ஆடியதில்லை. அந்த ஆசை வந்தபோது கையில் அரசு வேலை இருந்தது. விட மனசு வரவில்லை.

கேள்வி: நிஷாந்த் தேவ் அமெரிக்காவில் முதல் போட்டியிலேயே முதல் ரவுண்டில் ஜெயித்தாரே, அதையும் நம்பக் கூடாதா? அவர் உலக சாம்பியன் ஆவாரா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, அந்தப் போட்டியை நானும் பார்த்தேன். லாஸ் வேகாஸில் 2025 ஜனவரி 25 இரவு. இங்கே குடியரசு தினம் விடிந்தும் விடியாத நேரம். எதிரில் ஆல்டன் விக்கின்ஸ். நடுவர் முதல் ரவுண்டிலேயே நிறுத்திவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், காபியைக் கொட்டிக்கொண்டேன். ஆனால் கொட்டிய காபியைத் துடைக்கும்போதே ஒன்று தோன்றியது. இந்த வெற்றி நிஷாந்தைப் பற்றி எனக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். அவரை ஒப்பந்தம் செய்தது, குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்தும் எட்டி ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனம். ஒரு பையன் மீது பணம் போட்டவர்கள் அவனை முதல் நாளே புலிக் கூண்டில் தள்ள மாட்டார்கள். யாரோடு மோதவிடுவது என்று தேர்ந்தெடுப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு, மேட்ச்மேக்கர் என்பார்கள். முதலில் சுலபமாகச் சாய்கிற ஒருவர். அடுத்து உயரமான ஒருவர். பிறகு இடக்கைக்காரர். பிறகு எவ்வளவு அடித்தாலும் விழாத கல்லுளிமங்கன். கடைசியில், கட்டிப்பிடித்து, தலையால் தள்ளி, மூச்சு வாங்கவிடாமல் செய்கிற பழுத்த கிழவர். ஒவ்வொருவரும் ஒரு பாடம். நான்கு ரவுண்டு, ஆறு, எட்டு, பத்து என்று தூரமும் கூடிக்கொண்டே போகும். இது ஏமாற்று இல்லை, பள்ளிக்கூடம். எல்.கே.ஜி. மார்க்கை வைத்து ஐ.ஏ.எஸ். கணிக்காதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

நிஷாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய அமெச்சூர் போட்டிகளிலிருந்துதான். ஹரியானாவின் கர்னால் பையன், இடக்கைக்காரர். 2023-ல் தாஷ்கண்ட் உலகப் போட்டியில் 71 கிலோ பிரிவில் வெண்கலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் தோற்றார். ஜெயித்திருந்தால் வெண்கலம் உறுதி. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்பவர்கள் இருவருக்குமே பதக்கம் உண்டு. அன்று நாடே நடுவர்களைத் திட்டியது. நான் வீட்டில் பழக்கதோஷத்தில் காலண்டர் தாளின் பின்புறம் மார்க் போட்டேன், என் கணக்கில் நிஷாந்த்தான் முன்னால். ஆனால் மூன்றாவது ரவுண்டில் அவர் கைகள் கீழே இறங்கியதையும் அதே தாளில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் ரவுண்டில் அவ்வளவு அழகாகக் குத்தியவர், கடைசியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். மூன்று ரவுண்டுக்கே அப்படி என்றால், உலகப் பட்டத்துக்குப் பன்னிரண்டு ரவுண்டு. எனவே அவர் எத்தனை பேரைச் சீக்கிரம் சாய்க்கிறார் என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. யாராவது ஒருவர் அவரை எட்டாவது ரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போகட்டும், அப்போது எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: அப்படியென்றால் தோற்பதற்கென்றே சிலரை வைத்திருக்கிறார்களா? அசிங்கமாக இல்லை? (வாசகி, கும்பகோணம்)

உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன் அம்மா. பீட்டர் பக்லி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்காரர். 1989-லிருந்து 2008 வரை சரியாக 300 தொழில்முறைப் போட்டிகள். வெற்றி 32, டிரா 12, தோல்வி 256. இல்லை, அச்சுப் பிழை இல்லை.

வேறு யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் பக்லியின் போன் அடிக்கும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிரில் நிற்பது ஊர்க்காரப் பையன், டிக்கெட் வாங்கியவர்கள் அவனுடைய சித்தப்பா பெரியப்பாக்கள். பக்லி அவனுக்குக் குத்தத் தெரியுமா, அடி வாங்கத் தெரியுமா, கோபம் வந்தால் புத்தி எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் கடைசி ரவுண்டுவரை நின்று சோதித்துப் பார்ப்பார். பெரும்பாலும் பாயிண்டில்தான் தோற்பார், விழ மாட்டார். பின்னாளில் உலக சாம்பியன் ஆன நசீம் ஹமீது இளைஞனாக இருந்தபோது இவரோடு இரண்டு முறை மோதியிருக்கிறார்.

விட்டுக்கொடுத்துத் தோற்பது வேறு, இது வேறு. நம் ஊரில் சாதகம் செய்கிற பாடகிக்குப் பக்கத்தில் சுருதி பிசகாமல் தம்பூரா போடுகிறவரைப் போல என்று சொல்லலாம். தம்பூராக்காரர் அடி வாங்குவதில்லை என்பது உண்மைதான். 300-வது போட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டு, சொந்த ஊரில் கடைசியாக ஏறினார். ஏறக்குறைய ஐந்து வருடமாக ஜெயிக்காதவர் அன்று ஜெயித்தார். அந்த ஒரு போட்டிக்காக அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஏக்கம் உண்டு.

கேள்வி: விஜேந்தர் சிங் விஷயத்திலும் இதே கதைதானா? (வாசகர், ஓசூர்)

பாதி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு, 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறைக்கு வந்தார். முதல் ஆறு பேரும் கடைசி ரவுண்டைப் பார்க்கவில்லை. அதில் அலெக்சாண்டர் ஹோர்வாத் என்பவர் போட்டிக்கு முன் பாம்பு ரத்தம் குடித்துத் தயாராகிறேன் என்று பேட்டி கொடுத்தார். மூன்றாவது ரவுண்டில் முடிந்தது, பாம்புதான் பாவம். ஏழாவதாக 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப். ஒரு காலத்தில் ஐரோப்பிய சாம்பியனாக இருந்த அனுபவசாலி. பத்து ரவுண்டும் போனது, விஜேந்தர் தெளிவாக ஜெயித்து ஆசிய பசிபிக் பட்டம் வாங்கினார். என்னைக் கேட்டால் அவருடைய தொழில்முறை வாழ்க்கையில் மறுபடி பார்க்க வேண்டிய போட்டி அதுதான்.

அதற்குப் பிறகு ஏணி மேலே போகவில்லை, பக்கவாட்டில் போனது. வருடத்துக்கு ஒன்று, இரண்டு போட்டி. 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில், பதினாறு மாத இடைவெளிக்குப் பிறகு ஏறி, அர்திஷ் லோப்சன் என்ற நெட்டை ரஷ்யரிடம் ஐந்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். பன்னிரண்டு வெற்றிக்குப் பிறகு முதல் தோல்வி. முப்பத்தைந்து வயதில், கால் ஓய்ந்த பிறகு, உயரமான ஆள். அந்தப் பாடம் மூன்றாவது போட்டியிலேயே வந்திருக்க வேண்டியது.

கேள்வி: சுலபமான எதிரிகளே வேண்டாம் என்று யாராவது சொன்னதுண்டா? (வாசகர், ஈரோடு)

உண்டு, ஜப்பானின் நவோயா இனோவே. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் செய்த அப்பா ஷிங்கோதான் பயிற்சியாளர். 2012-ல் யோகோஹாமாவின் ஒஹாஷி ஜிம்மில் சேரும்போது அவர்கள் வைத்த நிபந்தனை: பலவீனமான ஆட்களோடு மோத மாட்டோம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன திமிர் என்று தோன்றும். நான்காவது போட்டியில் ரியோய்ச்சி தகுச்சியை வென்று ஜப்பான் சாம்பியன். அந்தத் தகுச்சியும் ஏமாளி இல்லை, அடுத்த வருடமே உலகப் பட்டம் வாங்கியவர். ஆறாவது போட்டியில், 2014 ஏப்ரலில், இனோவேயும் உலக சாம்பியன்.

எட்டாவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 2014 டிசம்பர் 30. எதிரில் அர்ஜென்டினாவின் ஓமர் நர்வாயெஸ். பல வருடம் சாம்பியன், அதுவரை ஒருமுறைகூடத் தரையில் விழாதவர். இனோவே அவரை நான்கு முறை வீழ்த்தி இரண்டாவது ரவுண்டில் முடித்தார். முடிந்ததும் நர்வாயெஸின் ஆட்கள் இனோவேயின் கிளவுஸைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். உள்ளே ஏதாவது வைத்திருப்பாரோ என்று சந்தேகம்! கழற்றினால் உள்ளே கைதான் இருந்தது. ஆனால் அந்தக் கைக்கும் சேதம். வலது கை காயத்தால் 2015 டிசம்பர் கடைசிவரை ரிங் ஏற முடியவில்லை. வேகமாக ஏறுகிறவனுக்கு அந்த விலை உண்டு.

2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நேரி முதல் ரவுண்டில் அவரை வீழ்த்தினார், வாழ்க்கையில் முதல் முறை. துள்ளி எழாமல், ஒரு முழங்காலில் உட்கார்ந்து எட்டு எண்ணும்வரை பொறுத்து எழுந்தார். ஆறாவது ரவுண்டில் நேரி கதை முடிந்தது. அவசரப்பட்டு எழாமல் உட்கார்ந்திருந்த அந்த எட்டு நொடியை என்னிடம் வரும் பையன்களுக்குப் போட்டுக்காட்டுகிறேன். அவர்களோ ஆறாவது ரவுண்டுக்குத் தள்ளு சார் என்கிறார்கள்.

கேள்வி: எடை பார்க்கும்போது ஒட்டிப்போன கன்னத்தோடு இருப்பவர்கள் போட்டி நாளில் புஷ்டியாக வருகிறார்களே, எப்படி? (வாசகி, கோவை)

தொழில்முறையில் எடை முந்தின நாளே பார்த்துவிடுவார்கள். அதன்பின் முழு நாள் இருக்கிறது, தண்ணீரும் சோறும் உள்ளே போனால் சில கிலோ திரும்பிவிடும். அமெச்சூரில் அன்றைக்குக் காலையே எடை.

எனக்கு 51 கிலோ பிரிவு. ஒருமுறை வெளியூர்ப் போட்டியில் விடிகாலை 300 கிராம் கூடுதல். இரண்டு ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு, லாட்ஜ் மாடிப்படியில் ஸ்கிப்பிங். வாயில் புளியங்கொட்டை போட்டு எச்சில் துப்பினேன். அப்படியும் முள் நகரவில்லை. கடைசியில் எதிரிலிருந்த சலூனில் மொட்டை. முடி என்ன எடை இருக்கும், சொல்லுங்கள்? ஆனாலும் எடை சரியாக இருந்தது. எச்சில்தான் காரணம் என்று கோச் சொன்னார், நான் மொட்டை என்றேன். ஏழு இட்லி சாப்பிட்டுச் சாயங்காலம் ஏறினால், இரண்டாவது ரவுண்டில் கால் இரண்டும் ஈர மூட்டை. தோற்றதோடு, வீட்டில் எந்தக் கோயில் வேண்டுதல் என்று வேறு கேட்டார்கள்.

கேள்வி: தொழில்முறைக்குப் போனால் ஒலிம்பிக் கதவு மூடிவிடுமா? (வாசகர், புதுச்சேரி)

இப்போது இல்லை. 2016 ரியோவிலிருந்து அனுமதி உண்டு. முன்னாள் உலக சாம்பியன்களான ஹசன் நிஜிகாமும் தாய்லாந்தின் அம்னாத் ருவன்ரோங்கும் அங்கே இறங்கிப் பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். மூன்று ரவுண்டு என்பது வேறு ஓட்டம்.

கேள்வி: என் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. மாநில அளவில் மூன்று பதக்கம். படிப்பை விட்டுவிட்டுத் தொழில்முறைக்குப் போகிறேன் என்கிறான். ஒரு மேனேஜர் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார். பயமாக இருக்கிறது ஐயா. (ஒரு தாய், தூத்துக்குடி)

முதலில், கையெழுத்து இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரம் போட வேண்டாம். அந்தத் தாளைத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். வருடத்துக்குக் குறைந்தது எத்தனை போட்டி என்று எழுதியிருக்கிறதா? மேனேஜருக்கு எத்தனை சதவீதம், செலவைக் கழித்த பிறகா, முன்பா? தலை ஸ்கேன் செலவு யாருடையது? கை உடைந்து ஆறு மாதம் உட்கார்ந்தால் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்குமா, நிற்குமா? பதில் இல்லாத ஒவ்வொரு கேள்வியும் உங்கள் பையன் தலையில்தான் விழும்.

பி.காம். முடிக்க இன்னும் ஒரு வருடம்தான். ரயில்வேயிலும் ராணுவத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை அமெச்சூர் பதக்கத்துக்குத்தான் கிடைக்கும், அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆசையைத் திட்டாதீர்கள். அரசு வேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நான் இத்தனை வயதில் விடிகாலை எழுந்து வேகாஸ் பார்க்கிறேன், அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அப்புறம், அவன் ஆடிய வீடியோ இருந்தால் பத்திரிகை முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதக்கம் வாங்கிய மூன்றும் வேண்டாம். எதிர் மூலையில் இவனைவிடப் பெரிய ஆள் நின்று, இவன் தோற்ற ஒன்று.