பெட் ஸ்கேனில் மின்னுவதெல்லாம் புற்றுநோயா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது எடுத்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நெஞ்சின் நடுவில் 9 மி.மீ. நெறிக்கட்டிகள், எஸ்யூவி மேக்ஸ் 3.8, கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்று இருக்கிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள். நோய் திரும்பிவிட்டதா? அம்மாவிடம் என்ன சொல்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ரிப்போர்ட் ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, விளக்கிச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த நான்கு நாள் எவ்வளவு கொடுமை என்பது எனக்குப் புரிகிறது.

பெட் ஸ்கேன் நேரடியாகக் காட்டுவது புற்றுநோயை அல்ல, சர்க்கரையை. கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுகிறார்கள். அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் மின்னும். புற்றுநோய் செல்கள் இழுக்கும்தான். மூளையும் இழுக்கும், இதயமும் இழுக்கும். சிறுநீரில் வெளியேறுவதால் மூத்திரப்பையும் பளிச்சென்று தெரியும். சளி, கிருமித்தொற்று, ஆறிக்கொண்டிருக்கும் ஆபரேஷன் காயம்கூட மின்னும். நம் ஊரில் முக்கியமாக டிபி. நெஞ்சு நெறிக்கட்டி மின்னினால் டிபியையும் நினைத்தே ஆக வேண்டும்.

எஸ்யூவி மேக்ஸ் 3.8 என்றால், ஏற்றிய சர்க்கரை உடம்பெங்கும் சமமாகப் பரவியிருந்தால் இருக்கும் அளவைப்போல் 3.8 மடங்கு அங்கே சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். ‘2.5 தாண்டினால் புற்றுநோய்’ என்று இணையத்தில் படித்திருப்பீர்கள்; அதை நம்பி அழாதீர்கள். ரத்தச் சர்க்கரை, ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள், எந்த மெஷின் என்பதைப் பொறுத்தே இந்த எண் மாறும். 9 மி.மீ. என்பதும் பெரிய அளவல்ல. ஆனால் நோய் இல்லவே இல்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. சந்தேகம் நீடித்தால் மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு சொல்வது அந்தச் சோதனைதான்.

நெறிக்கட்டி முன்பே இருந்ததா, புதிதா என்பதுதான் பெரிய கேள்வி. இந்த நகரத்தில் ஸ்கேன் ஓரிடம், சிகிச்சை வேறிடம். பழைய ஸ்கேன் பதிந்த சிடி வீட்டு பீரோவில் தூங்கும். தேடி எடுங்கள். ஸ்கேன் சென்டரில் கொடுத்து, ஒப்பிட்டு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்திருப்பார். “நெஞ்சுல சின்னதா நெறி கட்டியிருக்கும்மா. எதனாலன்னு இன்னும் தெரியல, டாக்டர்கிட்ட கேக்கப் போறோம்” என்றால் போதும், அதில் பொய் இல்லை. சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல், எடை இறக்கம், வீட்டில் யாருக்காவது முன்பு டிபி – இதையெல்லாம் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் சொல்லும் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’, அதாவது படத்தை நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்ப்பது, இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இடையில் மூச்சு வாங்கினாலோ, முகமோ கழுத்தோ வீங்கினாலோ நான்கு நாள் காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப் போங்கள்.