கம்பை விட்ட கை

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். உங்கள் அம்மாவின் அரிவாள்மனை பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகுதான் இதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துக்கு அருகே இருக்கிறேன். மருத்துவமனை வேலைக்காக 2009-ல் வந்தோம். எங்கள் ஆற்றின் பெயர் டே. மதுரையில் இருக்கும் அம்மாவிடம் முதல்முறை சொன்னபோது, “யாரைடி டேங்கிற?” என்றார். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். சால்மன் மீன் என்றால் அவருக்கு உயிர். இறகும் நூலும் சுற்றிய முள்ளை இரையாக வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த முள்ளுக்குத்தான் ஃப்ளை என்று பெயர். முதல் நாள் தண்ணீரில் இறங்குமுன் இடுப்பு பெல்ட்டை இறுக்கச் சொல்லிவிட்டு, “வழுக்கினால் முதலில் கம்பை விடு. மற்றதை அப்புறம் யோசி” என்றார்.

2021-ல் அவர் இறந்துபோனார். அதற்கு முந்தின வாரம் மூன்று பொருட்களை என்னிடம் கொடுத்தார். பதினைந்து அடிக் கம்பு. அவருடைய அப்பா வாங்கிய, இழையைச் சுற்றிவைக்கும் ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல். ஓர் அலுமினியப் பெட்டி, அதில் அவர் கையால் கட்டிய ஃப்ளைகள் அறுபதுக்கு மேல்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. டன்கெல்டுக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். காலுக்கடியில் கல் புரண்டது. ரீலோடு கம்பை விட்டுவிட்டேன். கொஞ்ச தூரம் இழுத்துப்போய்க் கரையேறிப் பார்த்தால் சட்டைப் பையின் ஜிப் திறந்திருக்கிறது, பெட்டியும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடச் சட்டத்தில் இடமில்லை. ஆள் இல்லாத ஆற்றின் கரையில் மறுநாள் முழுக்கக் குனிந்தபடி நடந்தேன். திங்கட்கிழமை கில்லி படகில் வந்து தேடினார். மீன்பிடிக்க வருபவர்களுக்குத் துணையாக இருந்து ஆற்றைப் பார்த்துக்கொள்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தார். சைக்கிள் செயின் ஒன்று கிடைத்தது.

உயிர் தப்பியதே பெரிசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ராத்திரியில் அந்த ரீலின் கிர்ர் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன். வேலையில் மனிதர்கள் சாவதைப் பார்ப்பவள் நான். ஒரு ரீலுக்காக அழுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதே அளவில், அதே காலத்து ரீல் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. வாங்கிவிடலாமா?

பி.கு.: ஜாக் ஸ்காட் என்ற ஃப்ளையைக் கட்ட உங்கள் ஊர்க் காட்டுக்கோழியின் இறகு வேண்டும் என்று பெரியவர் சொல்வார். நீங்கள் நீலகிரிக்காரர். ஒன்றிரண்டு கிடைக்குமா?

க.

அன்புள்ள க.,

முதலில் காந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ரீலின் உடம்பு பித்தளை அல்லது அலுமினியக் கலவை. பெட்டியும் அலுமினியம். இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. ரீலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன பேரிங் குண்டுகளும் பெட்டிக்குள் இருக்கும் முட்களும் எஃகுதான், ஆனால் அவற்றை நம்பி இவ்வளவு பெரிய ஆற்றைத் துழாவ முடியாது. சைக்கிள் செயின் கிடைத்ததே அதிகம் என்று கணவரிடம் சொல்லுங்கள். மனிதர் இறங்கித் தேடியிருக்கிறார், அதுவே பெரிய விஷயம்.

கம்பின் பிடி தக்கையால் ஆனது. அது மட்டும் என்றால் மிதந்திருக்கும். ரீலின் கனம் அதைக் கீழே இழுத்திருக்கும். விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பெரிய கற்களின் இடுக்கில் ரீல் சிக்கிக்கொண்டு, கம்பின் நுனி ஓட்டத்தோடு ஆடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. வரும் கோடையில் தண்ணீர் வற்றும்போது, வெயில் தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில், வெளிச்சக் கூச்சத்தைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கீழே இருக்கும் கில்லிகளிடமும் சொல்லி வையுங்கள். பெட்டி மூடியே இருந்திருந்தால் உள்ளே இருந்த காற்றினால் கொஞ்ச தூரம் மிதந்துகூடப் போயிருக்கலாம். ஆனால் பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீர் கொண்டுபோகும் ஆறு உங்களுடையது. ஒரு குளிர்காலம் போதும், கல்லையே இடம் மாற்றிவிடும். நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இனி என் கதை. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நீலகிரியில் டிரவுட் மீன் இயற்கையாக இருந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்தில் கொண்டுவந்து விட்டது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்றுபார்த்தார், கைகூடவில்லை. அவர் பெயரும் டே தான், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகுதான் நிலைத்தது. எமரால்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா குமாஸ்தாவாக இருந்தார். அறுபதுகளில் ஊர் திரும்பிய துரை ஒருவர் போகும்போது அப்பாவிடம் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூங்கில் என்றால் குளத்தங்கரையில் பையன்கள் வெட்டி வைத்திருப்பார்களே, அது இல்லை. மூங்கிலை ஆறு சிம்புகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டி அறுகோணக் கம்பாக்குவார்கள். நுனியில் தீக்குச்சியைவிட மெல்லிசாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கு நம் நாட்டு மூங்கில்தான் போனது. கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனதால் பெயரும் கல்கத்தா மூங்கில். பிறகு சீனாவின் குவாங்டாங் பக்கத்து மூங்கில் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. டாங்கின் என்ற பெயரில் விற்றார்கள். அப்பாவின் கம்பு அந்த வகை.

அப்பா மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துணிப்பையிலிருந்து எடுப்பார், துடைப்பார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். 1977-ல் எனக்குப் பதினேழு வயது. சொல்லாமல் எடுத்துக்கொண்டு அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடைக்குப் போனேன். லைசென்ஸ் கிடையாது. வீசவும் தெரியாது. ஃப்ளை ஃபிஷிங்கில் இரைக்குக் கனமே இல்லை. இறகும் நூலும் சுற்றிய முள், அவ்வளவுதான். கனம் இழையில் இருக்கிறது. அந்த இழையைப் பின்னால் நீள விட்டு, அது நேராகும் வரை பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுமை பதினேழு வயதுப் பையனிடம் எங்கே இருக்கும்?

நாலாவது வீச்சில் முள் ஒரு பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். மூன்று துண்டாக இருக்கும் கம்பில், மேல்துண்டு பித்தளைப் பூணிலிருந்து கழன்று, இழையிலேயே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. பயத்தில் இன்னும் பலமாக இழுத்தேன். தங்கூசி அறுந்தது. மேல்துண்டு போயே போய்விட்டது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். “எந்த இடத்துல?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் போனோம். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பனித் தண்ணீரில் அரை மணி நேரம் காலால் துழாவினார். பிறகு கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வீட்டுக்கு வந்ததும் துணிப்பையின் உள்மடிப்பிலிருந்து இன்னொரு மேல்துண்டை எடுத்துக் காட்டினார். நுனிதான் முதலில் போகும் என்று செய்தவனுக்குத் தெரியும், அதனால் பழைய மூங்கில் கம்புகள் பலவும் இரண்டு மேல்துண்டுகளோடுதான் வரும். அந்த விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் முழுக்க அவர் அதைச் சொல்லவும் இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் தண்டனை என்று தோன்றுகிறது. “இனிமே நீயே எடுத்துட்டுப் போ. இது ஒண்ணுதான் மிச்சம்” என்றார்.

நான் எடுத்துப் போகவே இல்லை. ஒன்றுதான் மிச்சம் என்ற சொல் அதைத் தொடவிடவில்லை. அவர் போன பிறகும் கம்பு பீரோவின் மேல் கிடந்தது. பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் பையைத் திறந்தேன். ஆறு சிம்பும் தனித்தனியாக விரிந்து, காய்ந்து வெடித்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அந்தக் காலத்துக் கம்புகளுக்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசை. எங்கள் ஊர் ஈரம் தெரியும்தானே, சுவரில் மாட்டிய காலண்டரே நெளிந்துபோகும் ஊர். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்திருந்தால் இன்னும் பல வருடம் இருந்திருக்கும். அப்பா எதற்காக ஞாயிறுதோறும் அந்தச் சடங்கைச் செய்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஓடையில் போன துண்டைப் பற்றி எனக்கு இன்றைக்கு வருத்தமே இல்லை, சிரிப்புதான் வருகிறது. பீரோ மேல் போனதை நினைத்தால்தான் வயிறு பிசைகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அழுவதில் என்ன வெட்கம்? சாவைப் பார்ப்பவர்கள் சாமானுக்கு அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். “வழுக்கினால் முதலில் கம்பை விடு.” அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. இடுப்பளவுத் தண்ணீரில் யோசிக்க நேரமே கிடையாது. உங்கள் கை தானாக விட்டிருக்கிறது. தங்கள் கையில் இருப்பதை விட மனசில்லாமல் தண்ணீரோடு போனவர்களை எங்கள் அணைப் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். அவர் பேச்சைக் கேட்டதால்தான் அவர் பொருளைத் தொலைத்தீர்கள். அவரிடம் போய்ச் சொல்ல முடிந்தால் உங்களைக் கோபிப்பாரா என்ன? ஜிப்பைப் பற்றி வேண்டுமானால் இரண்டு வார்த்தை சொல்வார்.

ரீலை வாங்க வேண்டாம். பணத்துக்காகச் சொல்லவில்லை. ஹார்டிக்காரர்கள் 1890-களிலேயே அந்த மாதிரியைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள், அதே அளவில் நூறு கிடைக்கும். சத்தம்கூட ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், சிக்கலே அங்கேதான். யாரோ ஒருவருடைய அப்பா வாங்கிய ரீலை உங்கள் பெரியவருடைய அப்பாவின் ரீலாக நடிக்கவைப்பீர்கள். முதல் மீன் இழுக்கும்போதே அது பொய் என்று கைக்குத் தெரிந்துவிடும். மீன் பிடிக்க ரீல் வேண்டும், அதற்குச் சாதாரணமாக, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ரீலுக்கு எவ்வளவோ இடம் கொடுத்திருக்கிறீர்கள், பெட்டிக்கு ஒன்றரை வரி. எனக்கு என்னவோ பெட்டிதான் பெரிய இழப்பாகப் படுகிறது. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரையே எடுப்பதில்லை. பசியில்லாத மீன் எதற்காக ஃப்ளையைக் கவ்வுகிறது என்று யாரும் அறுதியாகச் சொன்னதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தன் ஆற்றை வைத்துத் தானாக ஒரு கணக்குப் போடுகிறார்கள். கலங்கல் தண்ணீருக்கு இந்த நிறம், மேகமூட்டத்துக்கு இந்த அளவு, இந்த மடுவுக்கு வாலைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும் என்று. அந்தப் பெட்டியில் இருந்த அறுபதும் அவர் ஆயுள் முழுக்கப் போட்ட கணக்கு. அதை ஏலத்தில் வாங்க முடியாது.

ஆனால் அதில் பாதி உங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்தில் நின்று, எந்தத் தண்ணீருக்கு எதை எடுத்தார் என்று பார்த்தவர் நீங்கள். இந்தக் குளிர்காலத்தில், ஜனவரி 15-ல் உங்கள் ஆற்றில் சால்மன் பிடிக்கும் பருவம் தொடங்குவதற்குள், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதியதைக் கட்டிப்பாருங்கள். கட்டத் தெரியாது என்று சொல்லாதீர்கள், தையல் போடுகிற கை. தப்பாகத்தான் வரும். அந்த கில்லியிடம் காட்டுங்கள், “அவர் இந்த இடத்தில் கறுப்பு வைக்கமாட்டாரே” என்று அவர் சொல்லக்கூடும். தள்ளிப்போட வேண்டாம். கம்பு தண்ணீருக்கடியில் கொஞ்ச காலம் கிடக்கும். இந்த ஞாபகம் அவ்வளவு நாள் தாங்காது.

கட்டி முடித்ததும் பெட்டியின் உள்மூடியில் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். அப்புறம் ஜிப்.

காட்டுக்கோழி விஷயம். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகுச் சொட்டு விட்டதுபோல் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். தண்ணீருக்குள் அது சின்ன மீனின் கண் போலத் தெரியும் என்பதால் விக்டோரியா காலத்திலிருந்தே அதற்கு அங்கே அவ்வளவு கிராக்கி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலையில் ஒன்று கத்துகிறது, இதை எழுதும்போதுகூடக் கத்தியது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை அது. கீழே உதிர்ந்த இறகைக்கூட உங்களுக்குத் தபாலில் போட முடியாது, போடவும் மாட்டேன். பிரிட்டனிலேயே இறகுக்காக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கில்லியைக் கேட்டால் இடம் சொல்வார். முதலில் கட்டும் ஜாக் ஸ்காட் எவ்வளவு கோணலாக வந்தாலும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்.