ஒரு டப்பாவில் முட்டை, இன்னொன்றில் பிஸ்கட்: காப்பகத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான சிறிய காப்பகம் நடத்துகிறேன். சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. சில டப்பாக்களில் முட்டை, பருப்பு, பழம். சிலவற்றில் தினமும் பிஸ்கட்தான். பெற்றோர் மனம் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: பெற்றோருக்கு அறிவுரைச் சீட்டு அனுப்பித் தொடங்காதீர்கள். பிஸ்கட் வைத்து அனுப்பும் வீட்டில் பெரும்பாலும் குறைவது காசும் காலை நேரமும்தான், அக்கறை அல்ல.

முடிந்தால் மதிய உணவை எல்லாருக்கும் பொதுவாகக் காப்பகத்திலேயே சமையுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பருப்பு அல்லது பயறும், கூடவே வைட்டமின் சி உள்ள பழமும் மட்டுமாவது கொடுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் உலகெங்கும் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான இரும்புச்சத்துக் குறைவு, மூளை வேகமாக வளரும் வயதில் கற்கும் திறனையே பாதிக்கக்கூடியது. பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி உதவும்.

செலவைக் கட்டணத்தில் சேர்த்து, முடியாதவர்களுக்குக் குறையுங்கள். யாருக்குக் குறைத்தீர்கள் என்பது பரிமாறுபவருக்குக்கூடத் தெரிய வேண்டாம். தனித் தட்டு, தனி வரிசை, ‘இலவசச் சாப்பாடு’ என்ற பேச்சு எதுவும் கூடவே கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது உறைக்கும்.

எல்லாருக்கும் ஒரே அளவு வைப்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு அதிகம் தேவை. வந்தவுடன் எல்லாருக்கும் சிற்றுணவு கொடுத்துவிட்டால் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்காது. மறுபடி கேட்டால் தயங்காமல் வையுங்கள், போதும் என்றால் திணிக்காதீர்கள்.

புதிய காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். வீணாகும் உணவைத் தாங்க முடியாத வீட்டில் இரண்டாம் முறையோடு அந்தக் காய் நின்றுவிடும். அந்த வாய்ப்பைக் காப்பகத்தால் கொடுக்க முடியும். சிறு துண்டு போதும், துப்பினாலும் அடுத்த வாரம் மறுபடி வையுங்கள்.

முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கும், தவிருங்கள். ஒவ்வாமையோ விழுங்கச் சிரமமோ உள்ள பிள்ளைக்கு, மருத்துவர் சொன்னபடி மாற்றிச் செய்த உணவை மற்றவர்களோடு அதே பாயில் உட்காரவைத்துக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் ஒரு வயதுப் பிள்ளைக்கு, தாய் பீய்ச்சித் தரும் பாலைக் குளிர்பெட்டியில் வைக்க இடம் ஒதுக்குங்கள்.

வாரச் சமையல் பட்டியலை வாசலில் ஒட்டுங்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியது அதிலேயே இருக்கும்.