மரவீடு சரி, அந்த 8 கிலோமீட்டர்தான் யோசிக்க வேண்டியது

முழங்கால் வலியுள்ள அம்மாவையும் ஆறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மலையில் மரத்தின் மேல் கட்டிய வீட்டில் தங்கலாமா, 600 மீட்டர் ஏற்றமுள்ள 8 கிலோமீட்டர் பாதையில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகத் தங்குங்கள். முன்பதிவு செய்யும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: மேலே ஏற ஏணியா, கைப்பிடி வைத்த படியா? கழிப்பறை மேலேயா, கீழேயா? நள்ளிரவில் ஏணியில் இறங்குவது அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். காற்றடித்தால் வீடு லேசாக ஆடும், அதைப் பையனிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

நடையில்தான் எனக்குக் கவலை. முழங்காலை அதிகம் படுத்துவது ஏற்றமல்ல, இறக்கம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், சுமார் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் பாதைக்கு இரண்டரை மணிக்கு மேல் ஆகும். அதுவும் திடமானவர்களுக்கு, ஓய்வு சேர்க்காமல். நீங்கள் இரட்டிப்பாகவே வையுங்கள், விடிந்ததும் கிளம்புங்கள்.

நானாக இருந்தால் பாதி தூரத்தில் திரும்பிவிடுவேன். அம்மாவுக்கு இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கொடுங்கள், இறங்கும்போது பாரம் கொஞ்சம் கைக்குப் போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குளிர் கூடும், பையனுக்கு ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.