பிடித்து எங்கே விடுவது?

கேள்வி: மக்களும் வனத்துறையும் கைகோத்தால் யானைத் தொல்லை குறையும் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, ஊருக்குள் வரும் யானையைப் பிடித்து நடுக்காட்டில் விட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாதா? (கம்பத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கம்பத்திலிருந்தா இந்தக் கேள்வி! கேரளத்தின் சின்னக்கானலில் பிடிபட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, ஒரு மாதம் நிறைவதற்குள், 2023 மே மாதம் உங்கள் ஊர்த் தெருக்களில் ஓடியதையும், அதில் ஓர் உயிர் போனதையும், ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டு அதைக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனதையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. பிடித்து விடுவதால் பிரச்சினை பல சமயம் முகவரிதான் மாறுகிறது.

மேடைப் பேச்சு வேண்டாம், வால்பாறையைப் பாருங்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலைத் தோட்டங்களும் சோலைத் துண்டுகளும் கலந்து கிடக்க, சுற்றிலும் ஆனைமலைக் காடு இருப்பதால், யானை அங்கே வராமல் இருக்க வழியே இல்லை. யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்தில் அது நிற்பது தெரியாமல் எதிரே போய்ச் சிக்கியவர்கள் என்பது ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஆய்வாளர்களும் வனத்துறையும் தோட்ட மக்களும் சேர்ந்து தகவலைப் பரப்பத் தொடங்கினார்கள். யானை நிற்கும் இடம் உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள் நடப்பட்டன. செல்போன் அழைப்பில் எரியும் அந்த விளக்கை இயக்கும் பொறுப்பு அந்தந்தப் பகுதி ஆட்களிடமே விடப்பட்டதுதான் என் கணக்கில் முக்கியமான செய்தி. மாலைப் பேருந்தில் இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளி, மேட்டில் சிவப்பு எரிவதைக் கண்டால் தனியே போகமாட்டார். உயிரிழப்பு குறைந்தது. இப்பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்த குமாருக்கு 2015இல், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச விருதான விட்லி விருதும் கிடைத்தது.

விளக்கு உயிரைக் காக்கும், சுவரைக் காக்காது. அரிசிக்காக ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் யானை இடிப்பது அங்கே பழைய கதை. யானை நடமாடும் தடத்தில் மூட்டை மூட்டையாக அரிசியை இரவில் அடுக்கி வைத்துவிட்டு வனக்காவலரைத் திட்டுவதில் என்ன நியாயம்? கடை எங்கே இருக்க வேண்டும், சரக்கு எத்தனை நாள் தங்கலாம் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கும் உணவு வழங்கல் துறையும் தோட்ட நிர்வாகமும் வனச்சரக அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து உட்கார வேண்டும்.