கோட்டைக்குள் நாங்களும் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்கு வருகிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்குப் புனித ஜார்ஜ் கோட்டையைக் காட்ட ஆசை. தலைமைச் செயலகம் இயங்கும் இடமாயிற்றே, எங்களை உள்ளே விடுவார்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள், அம்மா. அமைச்சர்களின் அறைகளுக்கும் சட்டமன்ற மண்டபத்துக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. ஆனால் அதே மதிலுக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகமும் புனித மேரி தேவாலயமும் பொதுமக்கள் பார்ப்பதற்கு உரியவை. வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள் என்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் கூடும் நாட்களில் காவல் கெடுபிடி அதிகம்; அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

அருங்காட்சியகக் கட்டடமே ஒரு பாடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காக எழுப்பப்பட்ட அதன் உச்சியில், 1796 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது. பீரங்கிகளையும் நாணயங்களையும் விரைவாகப் பார்த்துவிட்டு, 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக் கொடியின் முன்னால் பேத்தியைச் சற்று நேரம் நிறுத்துங்கள். சுதந்திர நாளில் மாநில முதலமைச்சரே கொடியேற்றும் உரிமை 1974இல்தான், அன்றைய முதல்வர் மு. கருணாநிதியின் முயற்சியால் கிடைத்தது என்பதை அங்கேயே சொல்லிக்கொடுத்தால் அவள் மறக்கமாட்டாள்.

சட்டமன்றக் கட்டடத்தின் கரிய தூண்களுக்கும் ஒரு கதை உண்டு. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர்கள் அவற்றை மீட்டுக்கொண்டு வந்தார்கள். வெற்றிச் சின்னமாகக் கல்லைத் தூக்கிச் சென்ற அந்தப் போட்டியில் இந்த மண்ணின் மக்களுக்கு யாதொரு குரலும் இல்லை என்பதையும், அதே இடத்தில் இன்று நாம் தேர்ந்தெடுத்தவர்கள் அமர்ந்து சட்டம் இயற்றுகிறார்கள் என்பதையும் அவளிடம் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

1680இல் அர்ப்பணிக்கப்பட்ட தேவாலயத்தில்தான் 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்தது. நேரமிருந்தால் அங்கும் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மின்சார ரயிலில் வருவதானால் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.